ஒன்பது இடங்களைப் பிரித்தவன் நான்தான்

ஒரு குழுவில் யாருக்கு எத்தனை இடம் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் வந்தார்கள். திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும். நான் அப்போது குளிர்சாதனத் தொழில்காரர்களின் சங்கம் ஒன்றில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு அனுப்புவது, கூட்டத்தில் குறிப்பெடுப்பது, கசமுசாவென்று பேசி முடித்ததைத் தீர்மானமாக எழுதித் தருவது, இவ்வளவுதான் வேலை. வாக்கும் கிடையாது, கருத்துச் சொல்லும் வழக்கமும் கிடையாது. ஆனால் அந்தச் சனி ஞாயிறில் நான் போட்ட ஒரு எக்செல் அட்டவணைதான் அடுத்த இரண்டு வருடம் அந்தத் தொழிலில் யார் பேச்சு எடுபடும், யார் பேச்சு எடுபடாது என்பதை முடிவு செய்தது. அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சங்கம் தனக்கென்று ஒரு நெறிமுறை எழுதிக்கொள்ளத் தீர்மானித்திருந்தது. இயந்திரத்தை எப்படிப் பொருத்த வேண்டும், வாரண்டி எப்போது செல்லும், புகார் வந்தால் யார் விசாரிப்பது, இயந்திரத்துக்குள் ஓடிக் குளிரவைக்கிற வாயு, அதாவது கேஸ், பழசானால் அதை என்ன செய்வது என்று பல விஷயங்கள். இதையெல்லாம் முடிவு செய்ய ஒன்பது பேர் குழு. என் அட்டவணையில் தயாரிப்பாளர்களுக்கு 3, டீலர்களுக்கு 2, உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு 1, கேஸ் விற்கிறவர்களுக்கு 1, சர்வீஸ் துறைக்கு 1, பெரிய அளவில் பயன்படுத்துகிற குளிர்பதனக் கிடங்குக்காரர்களுக்கு 1. ஆறு பிரிவு, ஒன்பது இடம். எந்தப் பிரிவுக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லை, எந்தப் பிரிவும் விடுபடவும் இல்லை. திங்கட்கிழமை எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் முதல் பெரிய விஷயம் வந்தது. கம்ப்ரஸர், குழாய் என்று கேஸ் ஓடுகிற மூடிய பகுதி இருக்கிறதே, அதைத் திறக்கிற உரிமை யாருக்கு? தயாரிப்பாளரிடம் அங்கீகாரக் கடிதம் வாங்கிய ஆள் மட்டும்தான் திறக்கலாம், வேறு யார் கை வைத்தாலும் வாரண்டி போய்விடும், சங்கத்தின் புகார்ப் பிரிவும் அந்த விவகாரத்தைத் தொடாது என்று வரைவு சொன்னது. அன்றைக்குச் சுயமாகத் தொழில் செய்கிற மெக்கானிக்குகள் சார்பில் ஒருவரைப் பார்வையாளராகக் கூப்பிட்டிருந்தோம். மேசையைச் சுற்றி ஒன்பது நாற்காலி, எதிரே பெயர்ப் பலகை. அவருக்குச் சுவர் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் ஒரு பை, பையின் வாய் வழியாக, கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் குழாய்களின் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், முடிந்ததும் மறுபடி வேலைக்கு ஓட வேண்டும்.

அவருடைய ஆட்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தபோது சர்வீஸ் துறை உறுப்பினர் கையை லேசாக உயர்த்தி, "அவங்களுக்கும் சேர்த்து நான்தான் பேசுறேனே" என்றார். அதோடு பேச்சு நின்றது. வாக்கெடுப்பில் ஆதரவு 7, எதிர்ப்பு 1, நடுநிலை 1.

நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த மெக்கானிக் பக்கத்தில் வந்து நின்றார். "சார், இடம் பிரிச்ச தாள் ஒண்ணு குடுங்க." கொடுத்தேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். "சர்வீஸ்னு ஒண்ணு போட்டிருக்கே, அவரு கம்பெனி சர்வீஸ் மேனேஜர் இல்லையா சார்?" ஆமாம் என்றேன். "அப்ப நான் இதுல எங்க இருக்கேன்?"

பதில் இல்லாத கேள்வி ஒன்றும் இல்லை அது. சங்க விதிப்படி பதிவு செய்த நிறுவனம்தான் உறுப்பினராக முடியும். தனி ஆளாக ஒரு பையும் வண்டியுமாக ஓடுகிறவர் நிறுவனம் இல்லை, அதனால் உறுப்பினர் இல்லை, அதனால் பிரதிநிதியும் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். சட்டப்படி சரியான பதில். தொழிலில் கைவைத்து வேலை செய்கிறவர்களில் அவரைப் போன்றவர்கள்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் என்பது எனக்கும் தெரியும், மேசையில் இருந்த ஒன்பது பேருக்கும் தெரியும். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அட்டவணையைத் திறந்து நாலாவதாக, மேலிருந்து கீழாக ஒரு பத்தி சேர்த்தேன். தலைப்பு: "இவருக்கு வருமானம் யாரிடமிருந்து வருகிறது?" நிரப்ப நிரப்ப வயிற்றைக் கலக்கியது. தயாரிப்பாளர்கள் மூவர், சரி. டீலர்கள் இருவரும் அந்த மூவரில் ஒருவருடைய சரக்கை மட்டும் விற்கிறவர்கள். டீலர்ஷிப் கடிதம் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். உதிரிபாகக்காரர் செய்வதில் பெரும்பகுதியை வாங்குவதே அந்த மூவர்தான். சர்வீஸ் இடத்தில் இருந்தவருக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு தயாரிப்பாளர். ஆக 3 + 2 + 1 + 1 = 7. வாக்கெடுப்பில் வந்த அதே 7. ஆறு பிரிவு என்று நான் நினைத்தது ஒரு பிரிவும், அதோடு ஒட்டாத இரண்டு பேரும்.

நான் பிரித்தது பலகையில் எழுதியிருக்கிற பெயரை வைத்து. பிரித்திருக்க வேண்டியது, விதி மாறினால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதை வைத்து. இந்த வேலையில் எங்கேயாவது தப்பு நடந்தால் வாக்குச்சீட்டைத் தேடிப் போகாதீர்கள், பிரிவுகளின் பட்டியலை முதலில் எடுத்துப் பாருங்கள். அதை எழுதிய ஆள் யார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் என்னைப் போல யாரோ ஒருவர், வாரக் கடைசியில், நல்ல எண்ணத்தோடு எழுதியிருப்பார்.

இது எங்கள் சங்கத்து வியாதி மட்டும் இல்லை என்பது அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவில் தொழில்தரங்களை எழுதுகிற அமைப்புகளுக்கு அங்கீகாரம் தருகிற ஆன்சி என்ற நிறுவனம் இதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தரமாக இருந்தால் எந்த ஒரு நலப் பிரிவும் (ஒரே லாப நட்டம் உள்ளவர்களின் கூட்டம்) குழுவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மற்றவற்றில் எந்தப் பிரிவுக்கும் பெரும்பான்மை இருக்கக் கூடாது. இந்த விதியைப் படித்தவுடன் என் அட்டவணை நினைவுக்கு வந்தது. தயாரிப்பாளர் 9-இல் 3, அதாவது சரியாக மூன்றில் ஒரு பங்கு! காகிதத்தில் நான் தேறியிருந்தேன். விதியில் "நலப் பிரிவு" என்ற சொல்தான் உயிர், நானோ அந்த இடத்தில் வியாபாரப் பெயரை வைத்திருந்தேன்.

சரி, இடத்தைப் பிரிக்கவே வேண்டாம், எல்லோரையும் உறுப்பினராக்கி ஆளுக்கு ஒரு வாக்கு கொடுத்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன். அப்போதுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டது. கட்டடங்களில் மின்கம்பி போகிற குழாய் எஃகில்தான் இருக்க வேண்டுமா, பிளாஸ்டிக்கிலும் இருக்கலாமா என்பது தகராறு. மின்பாதுகாப்பு விதிகளை எழுதுகிற தீத்தடுப்புச் சங்கத்தின் நிபுணர் குழு பிளாஸ்டிக்கை ஏற்றுக்கொண்டுவிட்டது. 1980 ஆண்டுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் சாதாரணப் பெரும்பான்மையில் ஒப்புக்கொண்டால் போதும். எஃகுக் குழாய்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 230 பேரைப் புதிதாக உறுப்பினராக்கிக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். அதில் ஒரு நிறுவனம் மட்டும் 155 பேர். மின்சாதனத்தோடு சம்பந்தமே இல்லாத பிரிவுகளின் ஊழியர்கள், ஒரு விற்பனை அதிகாரியின் மனைவி என்று யார் கிடைத்தாலும் சரி. யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது கை தூக்க வேண்டும் என்று வாக்கி டாக்கியிலும் கைஜாடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புக்குக் காரணம் சொல்லி அவர்களில் ஒருவரும் எழுந்து பேசவில்லை. முடிவு 394-க்கு 390. நாலு வாக்கில் பிளாஸ்டிக் தோற்றது.

இத்தனைக்கும் அந்தச் சங்கத்தின் விதியில் ஒரு வரியைக்கூட அவர்கள் மீறவில்லை. வியாபாரப் போட்டியைக் காக்கிற சட்டத்திலிருந்து தப்ப அது போதாது என்று நீதிமன்றம் சொன்னது வேறு விஷயம். வாசலைத் திறந்து வைத்தால், ஆட்களுக்குப் பயணச்செலவு கொடுத்துக் கூட்டி வர முடிகிறவன்தான் அதிகம் பேரோடு வருவான். எங்கள் மெக்கானிக்குகள் எண்ணிக்கையில் அதிகம்தான், ஆனால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எத்தனை பேர் வருவார்கள்? தலைக்கு ஒரு வாக்கு என்று வைத்திருந்தால் அதிலும் தோற்றிருப்பார்கள்.

தயாரிப்பாளர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவதும் இன்னொரு ஒருபக்க அட்டவணை ஆகிவிடும். அவர்கள் கொண்டுவந்த விதிக்குப் பின்னால் பொய்யில்லாத ஒரு பயம் இருந்தது. ஆர்-22 என்ற பழைய கேஸ் ஓசோனைக் கெடுக்கிறது என்று அதை உலகம் முழுக்கக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வருகிறவற்றில் ஒன்று ஆர்-290. அது வேறொன்றும் இல்லை, புரொப்பேன், எரிவாயு சிலிண்டரில் கலந்திருக்கிற சரக்கு. ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்குவதும் மிகக் குறைவு, நன்றாகவும் குளிரவைக்கும். ஆனால் தீப்பிடிக்கும். ஆர்-22 இருந்த குழாயைத் திறக்கிற பழக்கத்திலேயே, உள்ளே மிச்சமிருப்பதை வெளியேற்றாமல், டார்ச்சைப் பற்றவைத்து ஒரு மெக்கானிக் குழாயை ஒட்டப் போனால் என்ன ஆகும்? "விபத்து நடந்தா பேப்பர்ல வர்றது எங்க பேருதானே, அவன் பேரா வரும்?" என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இழப்பு யார் தலையில் விழுகிறதோ அவருக்குப் பேச்சும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த டார்ச்சைக் கையில் பிடித்திருக்கிறவர் முகம்தான் முதலில் வேகும். அந்த வாக்கெடுப்பில் அவர் வாயே திறக்கவில்லை. வாய்ப்பிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பின்னால் கேட்டேன். அவர் விதியை எதிர்த்திருக்க மாட்டாராம். "பயிற்சி வேணும் சார், நாங்களே கேக்குறோம். கடுதாசிதான் வேணாம். கடுதாசி குடுக்குறவன் நாளைக்கு வேணாம்னா புடுங்கிடுவான்." பயிற்சியும் தேர்வும் சங்கம் நடத்தட்டும், தேறினவன் யார் இயந்திரத்தையும் திறக்கட்டும் என்பது அவர் யோசனை. பாதுகாப்பும் கெடாது, பிழைப்பும் கெடாது. இவ்வளவு எளிதான ஒன்று ஒன்பது பேருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதைச் சொல்வதால் லாபம் அடைகிறவர் மேசையில் யாரும் இல்லை.

இந்த யோசனை எப்படியோ கசிந்து, மெக்கானிக்குகள் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்து, கிடங்குக்காரர்களும் (பழுது பார்க்க ஆள் கிடைக்காமல் சரக்கு கெட்டுப்போன கோபத்தில்) சேர்ந்துகொண்டபோது, குழுவை மறுபடி அமைப்பது என்று சங்கம் இறங்கி வந்தது. மறுபடி நான், மறுபடி எக்செல்.

முதலில் வந்த சமரசத் திட்டம் பார்க்க நன்றாக இருந்தது. தனி மெக்கானிக்குகளுக்கும் ஒரு இடம். ஆனால் வாக்குகளுக்கு எடை: தயாரிப்பாளர் அணிக்கு 6 வாக்கு, டீலர் மற்றும் உதிரிபாக அணிக்கு 4, பயன்படுத்துவோர் அணிக்கு 4, மெக்கானிக்குக்கு 1. மொத்தம் 15, தீர்மானம் நிறைவேற 8. "ஒண்ணுமே இல்லாம இருந்ததுக்கு ஒண்ணு பரவாயில்லையே" என்றார்கள். நானும் கிட்டத்தட்டத் தலையாட்டிவிட்டேன். ராத்திரி பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த 1 வாக்குக்கு வேலை வர வேண்டுமென்றால் மற்றவர்கள் ஆதரவு சரியாக 7-இல் நிற்க வேண்டும், அப்போதுதான் இவருடைய ஒன்று அதை 8 ஆக்கும். 6, 4, 4 இந்த மூன்றையும் எப்படிச் சேர்த்தாலும் 7 வராது. 4 வரும், 6 வரும், 8 வரும், 10 வரும், 14 வரும். 7 வரவே வராது. அதாவது அவர் கை தூக்கினாலும் ஒன்றுதான், தூங்கினாலும் ஒன்றுதான். மேசையில் நாற்காலி, எதிரே பெயர்ப் பலகை, வாக்குரிமை எல்லாம் உண்டு. எந்தத் தீர்மானத்தையும் அவரால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்க முடியாது, அவ்வளவுதான்.

யாராவது வேண்டுமென்றே இப்படிச் செய்தார்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. 1958-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் மன்றத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்குத் தலா 4 வாக்கு, பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. நிறைவேற 12 வேண்டும். மற்ற எல்லோருடையதும் இரட்டைப்படை, தேவையும் இரட்டைப்படை. மற்றவர்கள் கூட்டு 11-இல் நிற்க வழியே இல்லாததால் லக்சம்பர்க்கின் ஒற்றை வாக்கு அந்தக் கணக்கில் எதையும் மாற்ற முடியாமலே பல வருடம் கிடந்தது. ஒரு நாட்டுக்கே இந்தக் கதி என்றால் எங்கள் மெக்கானிக்கு எம்மாத்திரம்! எடை வாக்கு என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால், சதவீதத்தைப் பார்த்து மயங்காமல், ஒவ்வொரு பிரிவையும் எடுத்து "இவர் மாறினால் முடிவு மாறுகிற ஒரு சந்தர்ப்பத்தைக் காட்டு" என்று கேளுங்கள். ஒன்றுகூடக் காட்ட முடியாவிட்டால் அது அலங்கார நாற்காலி.

கடைசியில் நாங்கள் பிடித்துக்கொண்ட வழி எங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மாண்ட்ரியல் உடன்படிக்கை என்ற பெயர் குளிர்சாதனக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆர்-22 கைவிடப்படுவது அதனால்தான். அந்த உடன்படிக்கையின் கீழ் வளரும் நாடுகளுக்கு உதவ 1990-இல் லண்டனில் ஒரு பலதரப்பு நிதியம் உண்டாக்கினார்கள். அதன் நிர்வாகக் குழுவில் 14 பேர்: பணம் பெறுகிற வளரும் நாடுகளிலிருந்து 7, மற்ற நாடுகளிலிருந்து 7. முடிந்தவரை ஒருமித்த முடிவு. முடியாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, அதோடு இரண்டு தரப்பிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை இருக்க வேண்டும். தலைவர் பதவியும் ஒரு வருடம் இந்தப் பக்கம், மறு வருடம் அந்தப் பக்கம். பணம் போடுகிறவன் கையிலேயே முடிவு இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம், விடவில்லை.

அதையே எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டு இடம். செய்து விற்கிற பக்கம் 6, பயன்படுத்துகிற, பழுது பார்க்கிற பக்கம் 6. தீர்மானம் நிறைவேற 8 வாக்கு, அதில் இரண்டு பக்கத்திலிருந்தும் குறைந்தது 4. இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் பெரிய சண்டை. "எட்டு போதாதா, எதுக்கு இன்னொரு பூட்டு?" என்றார்கள். வெறும் எட்டு என்றால் ஒரு பக்கத்தின் ஆறு பேரும் எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேரை மட்டும் கரைத்தால் போதும். டீலர்ஷிப்போ வேலையோ கொடுக்க முடிகிறவனுக்கு இரண்டு பேரைக் கரைப்பது பெரிய காரியமா? இதை நான் கூட்டத்திலேயே சொன்னேன். எழுத்து வேலைக்காரன் வாய் திறந்த முதல் தடவை. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு தயாரிப்பாளர் சிரித்துவிட்டு, "அவர் சொல்றது சரிதான்பா" என்றார். கூடவே என்னுடைய நாலாவது பத்தியும் விதியானது: ஒருவருடைய வருமானத்தில் பெரும்பங்கு எந்தப் பிரிவிலிருந்து வருகிறதோ, பலகையில் என்ன எழுதியிருந்தாலும், அவர் அந்தப் பிரிவு. நிறுவனமாக இல்லாத தனி மெக்கானிக்குகளும் உறுப்பினராகலாம் என்று சங்க விதியையும் திருத்தினோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பழுது பார்க்கிற பக்கத்து ஆறில் மெக்கானிக்குகளுக்கு இரண்டு இடம், சரி, அந்த இரண்டு பேரை யார் தேர்ந்தெடுப்பது?

அவர்களிடம் ஒரு பெரிய அமைப்பும் மூன்று சின்ன அமைப்புகளும் இருந்தன. பெரியது சொன்னது, இரண்டு இடமும் எங்களுக்கு. சின்னவை மூன்றும் சேர்ந்து சொன்னது, எங்கள் மூவர் எண்ணிக்கையைக் கூட்டினால் அவர்களைவிட அதிகம். இதே சிக்கல் நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஒரு சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டுக்குத் தொழிலாளர் பிரதிநிதியை அனுப்பும்போது, நெதர்லாந்து அரசு நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பை விட்டுவிட்டு, வேறு மூன்று கூட்டமைப்புகளோடு பேசி ஒருவரை நியமித்தது. அந்த மூன்றையும் கூட்டினால் பெரியதைவிட உறுப்பினர் அதிகம். பெரியது ஆட்சேபித்தது. நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 1922-இல் சொன்ன முதல் ஆலோசனைக் கருத்தே இதைப் பற்றித்தான். விதியில் "மிகவும் பிரதிநிதித்துவம் உள்ள அமைப்புகள்" என்று பன்மையில் இருக்கிறது, ஒரே ஒரு அமைப்பைக் கேட்டால் போதும் என்று அர்த்தமில்லை, அரசு செய்தது சரி என்று முடித்தது. ஒரு சொல்லின் பன்மை விகுதியில் ஒரு வழக்கு நின்றிருக்கிறது! இதைப் படித்த பிறகு விதிகளில் "கள்" போடுவதில் நான் ரொம்பக் கவனமாகிவிட்டேன்.

எங்களிடம் நீதிமன்றம் எதுவும் இல்லை. பெரிய அமைப்புக்கு ஒன்று, சின்னவை மூன்றும் பேசி முடிவு செய்கிற ஒருவர் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்தது. முக்கியமாக, ஆளைப் பெயர் சொல்லிக் கேட்கிற உரிமை சங்க நிர்வாகத்துக்குக் கிடையாது என்று எழுதிவைத்தோம். முன்பெல்லாம், "உங்க தரப்புல இன்னாரை அனுப்புங்க, நல்லாப் பேசுவார்" என்று தலைமையே ஆளைச் சொல்லும். நல்லாப் பேசுவார் என்றால் தகராறு பண்ண மாட்டார் என்று பொருள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். சில்லறை என்று நான்தான் நினைத்தேன், அவர்களுக்கு அதுதான் பெரிது. கூட்டம் காலை பதினோரு மணிக்கு, வேலை நாளில். சம்பளக்காரருக்கு அது வேலையில் ஒரு பகுதி, மெக்கானிக்குக்கு ஒரு நாள் பிழைப்பு. மாலைக்கு மாற்றினோம், வருகைப்படி கொடுத்தோம். எண்பது பக்க வரைவைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புவது என் வழக்கம். கம்பெனிக்காரரிடம் அதைப் படித்துச் சொல்ல ஒரு துறையே இருக்கிறது. பதினைந்து நாள் முன்னதாக, முதல் பக்கத்தில் "இதனால் மாறுவது என்ன" என்று எளிய வரிகளோடு அனுப்ப ஆரம்பித்தேன். அந்த வரிகளை எழுதும்போதுதான் பாதி வரைவு எனக்கே புரியாமல் இருந்தது தெரிந்தது.

அப்புறம் என் கூட்டக் குறிப்பு. பல வருடமாக நான் பழகி வைத்திருந்த வாக்கியம் ஒன்று உண்டு: "விரிவான விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது." யாரும் உரக்க எதிர்க்காவிட்டால் ஒருமனது. சர்வதேசத் தர அமைப்புகள் "ஒருமித்த முடிவு" என்பதற்கு வைத்திருக்கிற விளக்கம் வேறு மாதிரி. சம்பந்தப்பட்ட தரப்புகளில் முக்கியமான எதுவும் அடிப்படையான விஷயத்தில் விடாப்பிடியாக எதிர்க்காத பொதுவான உடன்பாடு, அதிலும் எல்லோருடைய கருத்தையும் கணக்கில் எடுத்து, முரண்பட்ட வாதங்களை இணக்கப்படுத்தப் பார்த்த பிறகு. எல்லோரும் ஒரே குரலில் சம்மதிக்க வேண்டும் என்றும் இல்லை. பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த 7-1-1 வாக்கெடுப்புக்குக்கூட நான் "பெருவாரியான ஆதரவுடன்" என்று எழுதிவிட்டு, எதிர்த்தவர் சொன்ன காரணத்தை ஒரு வரியில்கூடக் குறிக்கவில்லை. சுவர் ஓரம் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதும் அதில் இல்லை. வருகைப் பட்டியலில் பார்வையாளர்களைச் சேர்ப்பதில்லை. இப்போது எதிர்ப்பைத்தான் முதலில் எழுதுகிறேன், பிரிவு பெயர் போட்டு, காரணத்தோடு.

புதிய குழு வேகமாக வேலை செய்கிறதா என்றால், இல்லை. பழைய குழு ஒரு மாலையில் முடித்ததற்கு இது நாலு கூட்டம் எடுக்கிறது. திறக்கிற உரிமை பற்றிய விதியை மறுபடி எழுத ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. பயிற்சி, தேர்வு, சங்கத்தின் அட்டை. தயாரிப்பாளர்கள் பாடத்திட்டம் கொடுத்தார்கள், தேர்வில் கேள்வி எடுக்கிற குழுவில் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். முதல் தொகுதியில் கம்பெனி ஆட்களும் சிலர் தேறவில்லை. அன்றைக்கு அந்த இரண்டு மெக்கானிக் உறுப்பினர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. உபயோகம் முடிந்த இயந்திரங்களை எடுத்துப் பிரிக்கிறவர்கள், அதில் மிச்சமிருக்கிற பழைய கேஸை உருளையில் பிடித்துக் கொடுக்கிறவர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். நெறிமுறையில் எங்களைப் பற்றி மூன்று விதி இருக்கிறது, எங்களை ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் ஒரு இடம் வேண்டும் என்கிறார்கள். கூட்டத்தில் வாசித்தேன். தயாரிப்பாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பழுது பார்க்கிற பக்கத்திலிருந்துதான் கை உயர்ந்தது. அன்றைக்குச் சுவர் ஓரம் பையோடு உட்கார்ந்திருந்தாரே, அவரேதான். இப்போது மேசையில், பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருக்கிறார்.

"அவங்களுக்கு எதுக்கு சார் தனியா ஒரு இடம்? அவங்களுக்கும் சேர்த்து நாங்கதான் பேசுறோமே."

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. அதை அப்படியே, அவர் பெயரையும் பிரிவையும் போட்டு, குறிப்பில் எழுதிக்கொண்டேன். கடிதம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இடம் கொடுத்தால் பதிமூன்று ஆகும், ஆறுக்கு ஆறு என்ற கணக்கு உடையும், எந்தப் பக்கம் சேர்ப்பது என்று வேறு பார்க்க வேண்டும். பழைய இயந்திரத்தை அவர்கள் வாங்குவது டீலரிடம், பிடித்த கேஸை விற்பது கேஸ்காரரிடம். நாலாவது பத்தியில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.